பிள்ளையின் பூகோளம் நம் வரப்பில் தொடங்கட்டும்

பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் ஆனதும் உழவர் வீடுகளில் ஒரு சிறு செலவு வந்து சேரும். "ப்ராஜெக்ட் செய்துகொண்டு வரச் சொன்னாங்க, சார்ட் அட்டை வாங்கணும், படம் வாங்கணும்" என்று பிள்ளை கேட்கும். தகப்பனாரும் இடுப்பில் இருந்ததை எடுத்துக் கொடுப்பார். கடையில் அச்சடித்த உலகப் படம் கிடைக்கும். கண்டங்கள், மலைகள், பாலைவனங்கள் எல்லாம் தனித்தனிப் படங்களாகக் கிடைக்கும். கத்தரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆண்டு முடிவில் அந்த அட்டை பரணுக்குப் போய்விடும்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உலகப் பூகோளத்தை நம் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படிப்பு நம் வரப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

தென்னை வைத்த இளைஞர்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். நன்றாகப் படித்தவர். வெளியூரில் நல்ல வேலை. தகப்பனார் காலமானதும் மூன்று ஏக்கர் நிலம் அவர் பொறுப்புக்கு வந்தது. கூட இருந்து கவனிக்க முடியாது என்பதால் முழுவதும் தென்னை வைத்துவிட்டார். இரண்டாம் ஆண்டில் வடகிழக்கு மூலையில் மட்டும் கன்றுகள் மஞ்சளித்து, வளராமல் நின்றன. உரம் வைத்தார், மருந்தும் ஊற்றினார். பலன் இல்லை.

போய்ப் பார்த்தேன். அந்த மூலை களர் நிலம். தண்ணீர் வடியாது. காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து நின்று சொன்னார்: "இவங்க அப்பா அந்த மூலையிலே தக்கைப்பூண்டு தவிர எதுவும் விதைக்க மாட்டாருங்க. அவருக்குத் தெரியும்."

தகப்பனாருக்குத் தெரிந்திருந்தது, மகனுக்குத் தெரியவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் அந்த மண்ணில் நடந்து அவர் சேர்த்த அறிவு அவரோடு போய்விட்டது. அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது நாடுகளின் தலைநகரங்களை அவர் பள்ளியில் எழுதியிருப்பார். தன் நிலத்தின் நான்கு மூலைகளைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. "நீ படி, இந்தப் பக்கம் வராதே" என்றுதான் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

பிள்ளைகள் வரைந்த நாடு

பள்ளிப் பிள்ளைகளால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைச் செய்தி.

பிரிட்டனில் டட்லி ஸ்டாம்ப் என்ற பூகோளப் பேராசிரியர் 1930ஆம் ஆண்டு ஒரு வேலையைத் தொடங்கினார். நாட்டில் ஒவ்வொரு வயலும் எதற்குப் பயன்படுகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அதற்குப் போதிய பணமோ ஆட்களோ அவரிடம் இல்லை. ஆகவே பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் கேட்டுக்கொண்டார். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அச்சான படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரில் வயல் வயலாக நடந்தார்கள். உழவு நிலம் என்றால் ஓர் எழுத்து, புல்தரை என்றால் ஓர் எழுத்து, காடு, தரிசு, தோட்டம், வீடுகள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பார்த்ததைப் படத்தில் குறித்தார்கள். அவ்வளவுதான் வேலை.

இப்படிச் சுமார் 22,000 படத்தாள்கள் நிரப்பப்பட்டன. சுமார் இரண்டரை லட்சம் பிள்ளைகள் இதில் பங்கெடுத்ததாகச் சொல்லப்படுகிறது. பெரும்பகுதி வேலை 1930களின் முதல் பாதியிலேயே முடிந்துவிட்டது. அவற்றை ஒன்று சேர்த்து, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வண்ணப் படங்களாக அச்சிட்டார்கள்.

1939இல் போர் வந்தது. பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்த நாடு. கடல்வழிக்கு ஆபத்து வந்தபோது புல்தரைகளை உழுது தானியம் போட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. எங்கே எவ்வளவு புல்தரை இருக்கிறது, எதை உழலாம் என்று திட்டமிட அந்தப் படங்கள் உதவின. பள்ளிப் பிள்ளைகள் பென்சிலால் குறித்தது ஒரு நாட்டின் உணவுத் திட்டத்துக்குப் பயன்பட்டது.

நம்மிடம் இதற்கு வேண்டிய அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் இருக்கிறது. இப்போது அதை இணையத்திலேயே எடுக்கலாம். எல்லையும் அளவும் அதில் உண்டு. ஆனால் எந்த மூலை களர், எங்கே பாறை மேலே நிற்கிறது, எந்த வரப்போரம் மழைநீர் அறுத்துக்கொண்டு போகிறது என்பதெல்லாம் அதில் இல்லை. அவை உங்கள் தலைக்குள் இருக்கின்றன. பிள்ளை எழுதி வைத்தால்தான் அவை தாளுக்கு வரும்.

வயலுக்குள் வந்த மெக்ஸிகோ

"சொந்த நிலத்தைத் தெரிந்துகொண்டால் போதாதா, மெக்ஸிகோவும் பராகுவேயும் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மரவள்ளி போட்டவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

2008ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தோன்றியது. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எனப் பலவற்றிலும் பரவியது. என்ன மருந்து அடித்தும் அடங்கவில்லை. அதன் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்குவது கடினம். அதன் சொந்த ஊர் மெக்ஸிகோ பக்கம். அங்கே அதைத் தின்று அடக்கும் எதிரிகள் உண்டு. பூச்சி மட்டும் இங்கே வந்துவிட்டது, எதிரி வரவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அதன் பிறகுதான் தொல்லை அடங்கியது.

2020இல் கேரளத்தில் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அது சேலம், நாமக்கல் பக்கமும் வந்தது. நுனி குட்டையாகிக் கொத்தாகச் சுருங்கி நின்றதைக் கண்டு குச்சிக்கிழங்கு உழவர்கள் கலங்கிப்போனார்கள். இந்தப் பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, அங்கே கோடிக்கணக்கான மக்களின் உணவான மரவள்ளியை அழித்தது. அதன் எதிரி 1981இல் பராகுவே நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குளவியை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பும் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவிதான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, பெருக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

பராகுவே, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். இந்த நான்கு ஊர்களையும் கோடு போட்டு இணைத்தால் அதைவிட நல்ல பூகோளப் பாடம் வேண்டுமா? மரவள்ளியும் நம் ஊர்ப் பயிர் இல்லை. பிரேசில் பக்கத்திலிருந்து வந்தது. மிளகாயும் மக்காச்சோளமும் மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்தவை. நிலக்கடலை தென் அமெரிக்கா. கேழ்வரகும் சோளமும் ஆப்பிரிக்கா. பயிர் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து அதன் பூச்சியும் ஒருநாள் வரும். பூச்சி வந்தால் அதன் எதிரியை அங்கேதான் தேட வேண்டும். இதைத் தெரிந்த பிள்ளை புதுப் பூச்சியைக் கண்டதும் கடைக்காரரிடம் மருந்து கேட்டு ஓடாது. "இதை எங்கே பார்த்திருக்கிறார்கள்?" என்று கேட்டு வேளாண்மை அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டும்.

நாம் வாங்கியது மட்டும் இல்லை, கொடுத்ததும் உண்டு. கோவையில் 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை நம் காட்டுக் கரும்போடு இணைத்துக் கோ 205 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். பார்பர், வெங்கட்ராமன் ஆகிய விஞ்ஞானிகளின் உழைப்பு அது. 1918இல் வெளிவந்த அந்த ரகம் வட இந்தியாவுக்குப் போனது. பின்னால் வந்த கோவை ரகங்கள் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போயின. நம் பிள்ளைகள் ஒட்டும் உலகப் படத்தில் இதையும் குறிக்கலாம் அல்லவா?

செய்ய வேண்டியது

இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். பிள்ளை நீங்கள் கேட்டுக்கொண்டபடி இந்த ஐந்து வேலைகளைச் செய்யட்டும்.

ஒன்று, நிலத்தின் படம். புலப்படத்தைப் பெரிதாக வரைந்து அதில் கிணறு, மரங்கள், வாய்க்கால், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். தாத்தாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு சுற்றி நடந்து, எந்த இடத்தில் எது விளையும், எது விளையாது என்று கேட்டு எழுத வேண்டும். வயல்களுக்கு வழங்கும் பெயர்களையும் எழுதட்டும். பெயரிலேயே பாதி செய்தி இருக்கும்.

இரண்டு, மண். நான்கு இடங்களில் ஒவ்வொரு பிடி மண் எடுத்துத் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்க வேண்டும். மணல் முதலில் ஓரிரு நிமிடங்களில் படியும். அதன்மேல் வண்டல் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒவ்வோர் அடுக்கையும் அளவுகோலால் அளந்து எழுதினால் ஒரே வயலில் எத்தனை விதமான மண் இருக்கிறது என்பது தெரியும்.

மூன்று, மழை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் சுமார் 4,047 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கைப் பிள்ளை போட்டுக் காட்டினால் வரப்பை உயர்த்த வேண்டும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு, கிணறு. மாதம் முதல் தேதி கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுத வேண்டும். பன்னிரண்டு மாதம் ஆனால் மழைக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஐந்து, உலகப் படம். கடையில் வாங்கிய படமே இருக்கட்டும். உங்கள் நிலத்தில் உள்ள பயிர், களை, பூச்சி ஆகியவற்றின் சொந்த ஊர்களை அதில் குறித்து, அங்கிருந்து உங்கள் ஊருக்குக் கோடு இழுக்க வேண்டும். விளைபொருள் எந்தச் சந்தைக்கு, எந்த ஆலைக்குப் போகிறது என்பதையும் குறிக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாற்பது பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து ஒட்டினால் ஊரின் பெரும்பகுதி ஒரே தாளில் வந்துவிடும். அதைக் கிராம சபையில் மாட்டி வைத்தால் ஏரி வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பேச ஆதாரம் கிடைக்கும். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. ஏரி, ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றை அவர்கள் வரையலாம். ஆட்டோடும் மாட்டோடும் நடக்கிற பிள்ளைக்குத் தெரிந்த அளவு அவை நமக்குத் தெரியாது.

ஓர் ஆட்சேபம்

"இந்தப் பாடு நம்மோடு போகட்டும் என்றுதானே படிக்க வைக்கிறோம்? மறுபடி வயலுக்கு இழுக்கிறீர்களே" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் புஞ்சைக்காட்டிலிருந்து படிக்கப் போனவன்தான். திரும்பி ஏர் பிடிக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் உழவுக்கே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் விரும்பிய வேலைக்குப் போகட்டும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிள்ளை எங்கே போனாலும் நிலம் ஒருநாள் அந்தப் பிள்ளையின் கைக்குத்தான் வரும். அன்று அதை உழுவதா, குத்தகைக்கு விடுவதா, விற்பதா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அந்தப் பிள்ளைதான். தெரியாத பொருளை எவரும் மலிவாகத்தான் விற்பார்கள். தெரிந்து வைத்திருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.

தென்னை வைத்த அந்த இளைஞர் பிறகு அந்த மூலையில் வடிகால் எடுத்து, ஜிப்சம் போட்டு, மறுபடி தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். மண் தேறி வருகிறது. இழந்த மூன்று ஆண்டுகள் திரும்பி வரவில்லை. தகப்பனார் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நிலத்தைச் சுற்றி வந்து நாலு வரி எழுதியிருந்தால் அந்த இழப்பு இல்லை.

உழவர் பெருமக்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையில் நோட்டைக் கொடுத்து வரப்பைச் சுற்றி ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள். வடகிழக்கு மூலையிலிருந்து தொடங்குங்கள்.