ஒரே யோசனை

“ஒரே யோசனையா இருக்கு மிஸ்.”

கண்டிக்குக் கிழக்கே ஒரு தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா இப்படித்தான் தொடங்கினார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எதிரே இருந்த பயிலுனர் சிங்களப் பெண், அக்கறையோடு தமிழ் வகுப்புக்குப் போனவர். யோசனை என்றால் முன்மொழிவு என்பது அவர் கற்ற பாடம். சிங்களத்து ‘யோஜனா’வும் அதற்கு ஒத்தாசை செய்தது. “நல்லது, என்ன யோசனை, சொல்லுங்க” என்றார். அம்மா விழித்தார். பிறகு மனச்சோர்வை அளக்கும் படிவம் வெளியே வந்தது. காரியங்களைச் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, “ஆசப்பட்டு செய்ற வேலைனு எனக்கு என்ன மிஸ் இருக்கு?” என்று பதில் வந்தது. ‘அநேகமாக ஒவ்வொரு நாளும்’ என்ற கட்டத்தில் ஒரு சரி விழுந்தது. மூன்று புள்ளி.

அந்த மூன்று புள்ளி நோயை அளந்ததா, அவர் பிழைப்பை அளந்ததா?

பயிலுனரைக் குறை சொல்ல மனமில்லை. யோசனையின் பொருளை விளக்கியதும், தன் ஆச்சியும் ‘கல்பனா’ கூடிப்போச்சு என்றுதான் புலம்புவார் என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஸிம்பாப்வேயின் ஷோனா மக்கள் ‘குஃபுங்கிஸிஸா’ என்பதும் இதையேதான். அளவுக்கு மீறி யோசிப்பது. அந்தச் சொல்லுக்கு 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டில் இடம் கிடைத்துவிட்டது. இந்த அம்மாவின் சொல்லுக்கு எங்கள் கிளினிக்கிலேயே இடமில்லை.

இது புதிய முறைப்பாடு அல்ல. கடந்த ஆண்டுகளில் நாம் இழந்த பெரியவர்களில் ஒருவரான கணநாத் ஒபயசேகர, பேராதனையில் கற்பித்தவர், 1985இல் ஒரு கட்டுரையில் குறும்பாக ஒரு கேள்வி கேட்டார். தெற்காசிய வைத்தியர் ஒருவர் தாதுநஷ்ட (விந்து இழப்பு) நோயின் குறிகளைப் பட்டியலிட்டு, மொழிபெயர்த்து, அமெரிக்காவில் அதே நோயைத் தேடிப் போனால் என்ன சொல்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் செய்வது அந்த வேலையைத்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது.

இந்த விடயத்தில் நமக்கு உதவக்கூடிய அனுபவம் யாரிடம் அதிகம் என்று கேட்டால், நான் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பானிய மொழிச் சமூகங்களையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் சொல்வேன். அங்கும் படிவத்தை மொழிபெயர்த்தால் போதும் என்று தொடங்கியவர்கள்தான். 1995இல் உளவியலாளர் கியேர்மோ பெர்னாலும் சகாக்களும், மொழி எட்டில் ஒன்று மட்டுமே என்றார்கள். சிகிச்சை செய்பவருக்கும் வருபவருக்கும் உள்ள உறவு, உவமைகள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறைகள், வாழ்நிலை ஆகியவை மற்ற ஏழு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே வழியில் மாற்றியமைத்த சிகிச்சைகளைப் புவேர்ட்டோ ரிக்கோவின் வளரிளம் பருவத்தினரிடம் சோதித்துக் காட்டினார்கள்.

எட்டாவதான வாழ்நிலையை மட்டும் நம் மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்கிறோம். பத்து மணிக்குக் கொழுந்து மலையில் நிற்க வேண்டியவருக்கு அது ஒரு பேர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர். மூன்று அமர்வுக்குப் பின் அவர் வராமல் போனால் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று கோப்பில் எழுதுகிறோம். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றால், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். இரகசியம் காப்போம் என்று நாம் கொடுக்கும் உறுதிமொழி, வேன் லயத்து வாசலில் நிற்கும்போதே உடைந்துவிடுகிறது. குடிக்கும் கணவரைப் பற்றி அந்தக் காம்பராவுக்குள் உட்கார்ந்து எந்தப் பெண் பேசுவார்?

உவமைகளிலும் நமக்குக் குறைவில்லை. மெக்ஸிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ‘சுஸ்தோ’ என்பார்கள்: திடுக்கிட்டதில் உயிர் உடலைவிட்டு விலகி, உண்ணாமல் உறங்காமல் மெலிந்துபோவது. நம் தாய்மார் ‘புள்ள பயந்திருக்கு’ என்று திருநீறு போட்டுக் கயிறு கட்டுவது இதற்கு எவ்வளவு நெருக்கம். கயிற்றைக் கண்டதும் முகம் சுளிப்பவர்களை நம் கிளினிக்குகளில் பார்த்திருக்கிறேன். என் வழக்கம் வேறு: எப்போது பயந்தது, எங்கே, யார் கட்டிவிட்டது என்று கேட்பேன். அரை மணியில் குடும்ப வரலாறு முழுதும் வந்துவிடும்.

நியூயோர்க்கில் 1980களில் கொஸ்தாந்தினோ, மல்கடி, ரோக்லர் ஆகியோர் ‘குவென்தோ’ சிகிச்சையை உருவாக்கினார்கள். குவென்தோ என்றால் கதை. புவேர்ட்டோ ரிக்கோ நாட்டார் கதைகளை அந்நகரத் தெருக்களுக்கு ஏற்ப மாற்றி, தாய்மாரையும் உட்கார வைத்து, பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பதகளிப்புக் குறைந்தது. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். காமன் எரிந்தபின் ரதி புலம்பும் இரவில், தன் வீட்டுச் சாவுக்கு அழ நேரம் கிடைக்காத பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். ஆனால் இதை ‘நுட்பம்’ ஆக்கிப் பயிற்சிப் பட்டறை நடத்தக் கிளம்பிவிடாதீர்கள். கூத்து ஊருடையது, நமக்கு அங்கே பார்வையாளர் இடம் போதும்.

இருந்தாலும் ஸ்பானிய அனுபவத்தை அப்படியே எடுக்க முடியாத ஓர் இடம் உண்டு. அங்குள்ள ஆய்வுகள் பலவற்றுக்குப் பின்னால் நிற்பது, புதிய நாட்டுக்கு வந்தவர் எப்படி இசைந்து வாழ்கிறார் என்ற கேள்வி. அந்த இசைவுக்கு உளவியலாளர் ஜோன் பெரி சொன்ன நான்கு வழிகளும், ஆள் ஓரளவு தெரிவு செய்யலாம் என்ற நினைப்பில் எழுந்தவை. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவிலும், லூல்கந்துரவிலும் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு அது பொருந்துமா? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இங்கே கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவரின் சகோதரர் நீலகிரிக்குப் போய்ச் சிலோன்காரர் ஆனார். கண்டி நகரக் கடையில் வேலை செய்யும் பையன் ஊர் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் ‘கண்டிதான்’ என்று முடித்துக்கொள்கிறான். அதைச் சுயமதிப்புக் குறைவு என்று குறிப்பெழுதுவதற்கு முன், அந்தப் பெயரைச் சொன்னால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆகவே, இந்த இதழிலிருந்து நம் பக்கங்களில் ஒரு மாற்றம். ஆள்நிலை அறிக்கை அனுப்புவோர், வந்தவர் தன் துன்பத்துக்குச் சொன்ன முதல் சொல்லை, அவர் பேச்சுவழக்கிலேயே, திருத்தாமல் முதல் வரியில் தரவேண்டும். நோய்ப்பெயர் அடுத்த பக்கத்தில் வரட்டும். ‘மேலெல்லாம் எரியுது’ என்பதை ‘உடல்சார் முறைப்பாடுகள்’ என்று சலவை செய்து அனுப்பினால் திரும்பி வரும்.

தொடக்கத்தில் சொன்ன அம்மாவிடம் மறுபடி பேசினோம், இம்முறை படிவமில்லாமல். யோசனை எல்லாம் கொழும்புக்கு வேலைக்குப் போய் நான்கு மாதமாகப் பேசாத மகளைப் பற்றியது. எழுந்து போகும்போது அடுத்த தவணையை ஞாயிற்றுக்கிழமை தர முடியுமா என்று கேட்டார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிளினிக் இல்லை.