நிறம் சேர்த்த களிம்பும் மறைக்கலாகாத தேமலும்

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரில் பலர் ஒரு கேள்வியைக் கடைசிவரை தள்ளிப்போடுகின்றனர். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவருகே சென்று, பிறகு திரும்பி நின்று கேட்பார்கள்: "டாக்டர், முகத்துக்கு லேசா ஏதாவது போட்டுக்கலாமா?" இக்கேள்விக்கு நாங்கள் பல ஆண்டுகளாக ஒரே விடையைத்தான் சொல்லி வந்தோம்: "எதுவும் போடாதீங்கம்மா." தோல் நோய் உள்ளவர் ஒப்பனையை நினைப்பதே தவறு என்பதுபோல் அவ்விடை ஒலித்தது. கேட்டவர் தலையசைத்துவிட்டுப் போய், கடையில் கிடைத்ததை வாங்கிப் பூசிக்கொண்டார். அடுத்த முறை அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. அவ்விடை தவறு என்று இப்போது கருதுகிறோம். அதற்குப் பதிலாக எதைச் சொல்லவேண்டும் என்பதே இக்கட்டுரை.

கேட்பவர்கள் யார் என்பதை முதலில் பார்ப்போம். மாமல்லபுரம் கடற்கரையில் சங்கும் சோழியும் விற்கும் பெண்கள், கொக்கிலமேட்டிலிருந்தும் கோவளத்திலிருந்தும் மீன் கூடையோடு புறப்படுவோர், திறந்த கொட்டகைகளில் உளி பிடிக்கும் சிற்பிகள், மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கு இருசக்கர வண்டியில் செல்லும் இளம்பெண்கள். இவர்களிடம் நாங்கள் மிகுதியாகக் காண்பது கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் பழுப்பு நிறப் படிவு. நம் மக்கள் அதை 'மங்கு' என்பார்கள். கருவுற்ற காலத்திலும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும்போதும் அது தோன்றலாம்; வெயில் அதை வளர்க்கும். கடற்கரையில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலர்ந்த மணல், தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. கடல் நுரை ஏறத்தாழ 25 விழுக்காட்டை அனுப்புகிறது. குடைபிடித்து அமர்ந்திருப்பவர் முகத்திலும் கீழிருந்து கதிர் படுகிறது.

மங்குக்கு வழக்கமாக எழுதித்தரப்படும் வெயில் தடுப்புக் களிம்பு பெரும்பாலும் புறஊதாக் கதிரை மட்டுமே தடுக்கும். எஸ்.பி.எஃப். என்னும் எண், தோலைச் சிவக்கச் செய்யும் கதிரிலிருந்து கிடைக்கும் காப்பின் அளவு, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் கூட்டல் குறிகள், ஆழமாக ஊடுருவும் மற்றொரு வகைப் புறஊதாக் கதிருக்கானவை. ஆனால் கருமையான தோலைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நிறமியைத் தூண்டுகிறது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நம்முடையதைப் போன்ற தோலில் அவ்வெளிச்சம் ஏற்படுத்தும் கருமை புறஊதாக் கதிரின் கருமையைவிட அழுத்தமாகவும் நீண்டநாள் நிலைப்பதாகவும் இருப்பதைக் காட்டியது. வெளிர்தோலில் அவ்விளைவு காணப்படவில்லை. நம் தோலுக்கு உரிய இச்செய்தி, வெளிர்தோலை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெறாமல் போனதில் வியப்பில்லை.

அந்த வெளிச்சத்தைத் தடுப்பது எது? இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று நிறப் பொடிகளாக அது கிடைக்கிறது. மூன்றையும் கலந்தால் மனிதத் தோலின் நிறங்கள் அனைத்தையும் உருவாக்கலாம். நிறம் சேர்த்த களிம்பில் நிறத்தைத் தருவது இதுவே. ஆகவே 'டின்ட்' என்று விற்கப்படும் அந்த மெல்லிய பூச்சில் நிறம் வெறும் அலங்காரம் அன்று. மங்கு உள்ளவருக்கு அதுவே மருந்தின் ஒரு பகுதி. நிறமற்ற களிம்பைக் காட்டிலும் நிறமுள்ள களிம்பு இவர்களுக்கு நன்மை தரும் என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

இன்று 'பி.பி. கிரீம்' எனப்படுவதன் தொடக்கமும் மருத்துவத்தில்தான் இருக்கிறது. 1960களில் கிறிஸ்டினே ஷ்ராமெக் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர், தோலுரிப்புச் சிகிச்சைக்குப் பின் சிவந்திருக்கும் முகத்தை ஆற்றவும் மறைக்கவும் ஒரே களிம்பாக அதை உருவாக்கினார். பின்னர் அது கொரியாவுக்குப் போய் அழகுப் பொருளாகி, உலகைச் சுற்றி நம் ஊர்க் கடைக்கு வந்திருக்கிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? பெட்டியின் பின்புறத்தில் உள்ள உட்பொருள் பட்டியலில் 'அயர்ன் ஆக்சைட்ஸ்' என்றோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களோ இருக்கவேண்டும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையக்கூடாது. நமது கடலோரப் புழுக்கத்தில் கெட்டியான, எண்ணெய்ப் பசையுள்ள பூச்சு வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கும், பருக்களையும் கிளப்பும். ஜெல் போன்ற மெல்லிய வகையே இங்கு பொருந்தும். நியாசினமைடு இருந்தால் நன்று. மற்றபடி முகப்பில் அச்சிடப்படும் பூக்கள், பழங்கள், முத்துகள் ஆகியவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்கவேண்டாம். ஈரப்பதத்தைக் காக்கக் கிளிசரின் போதும். விலை உயர்ந்த பல பெயர்கள் செய்யும் வேலையை அது நெடுங்காலமாக அமைதியாகச் செய்து வருகிறது.

நிறத்தேர்வில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தவறச் செய்யப்படுகின்றனர் என்பதே சரி. கடையில் புறங்கையில் தடவிக் காட்டி, "இது உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று ஒரு படி வெளுப்பான நிறத்தைக் கையில் கொடுப்பார்கள். புறங்கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையோரம் சிறிது தடவி, கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எங்கே பூசினோம் என்று தேடவேண்டியிருந்தால் அதுவே உங்கள் நிறம். வெளுப்பான பூச்சு சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அதற்கு அஞ்சியே பலரும் மிகக் குறைவாகப் பூசுகின்றனர். குறைவாகப் பூசினால் பெட்டியில் எழுதிய காப்பு கிடைக்காது. அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. நடைமுறையில், முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு. கருநிறத்துக்கு ஏற்ற களிம்புகள் இந்நாட்டுக் கடைகளில் இன்னும் எளிதாகக் கிடைப்பதில்லை என்பது எங்கள் குறை. நாட்டு மக்களில் பெரும்பாலோரின் நிறத்தை, விற்பவர்கள் ஏதோ விதிவிலக்குபோல நடத்துகிறார்கள்.

விலையைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. மேற்சொன்ன அளவில் நாள்தோறும் இருமுறை பூசினால் 50 கிராம் குழாய் ஒரு மாதம்கூட வராது. மீன் விற்று வீடு நடத்தும் ஒருவரிடம் இதை மாதந்தோறும் வாங்கச் சொல்வது எளிதன்று. அவருக்கு நாங்கள் சொல்வது: முதலில் அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பியோ முகத்தின் இருபுறமும் தொங்கும் பருத்தித் துண்டோ. அதற்குமேல் முடிந்தால், மருத்துவமனையில் கிடைக்கும் சாதாரண வெயில் தடுப்புக் களிம்பைப் பூசி, அதன்மேல் இரும்பு ஆக்சைடு உள்ள, தம் நிறத்துக்கு ஒத்த காம்பாக்ட் பவுடரை ஒற்றிக்கொள்ளலாம். நிறக்களிம்புக்கு முழு ஈடாகாது. ஆனால் ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல்.

இனி, அச்சத்தோடு சொல்லவேண்டியவை. முகத்தை மறைக்கும் பூச்சு வேறு, முகத்தை வெளுக்கவைக்கும் பூச்சு வேறு. இரண்டும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கின்றன. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கியது. சொல் போனாலும் ஆசை போகவில்லை. அந்த ஆசையைப் பயன்படுத்தித் தயாரித்தவர் யார் என்பதே தெரியாத களிம்புகள் விற்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் நிறமி உருவாவதைத் தடுப்பதால் சில வாரங்களில் முகம் வெளுக்கும். அதே வேளையில் அது தோல் வழியே உடலுக்குள்ளும் போகும்.

அண்டை மாநிலத்தில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துச் சிறுநீரில் புரதம் கழியும் நோயுள்ள 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேரிடம் 'நெல்-1' என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கவைக்கும் களிம்புகளைப் பூசி வந்தவர்கள். பெரும்பாலோர் களிம்பை நிறுத்திய பின் தேறினர். அதே 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது. முகம் வீங்கி, கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து வரும் நோயாளியிடம் "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்பது இப்போது எங்கள் சிறுநீரகப் பிரிவினருக்கும் வழக்கமாகிவிட்டது.

மற்றொன்று ஸ்டீராய்டு. படர்தாமரைக்கென்றோ தேமலுக்கென்றோ எப்போதோ எழுதித்தந்த களிம்பை, முகம் பளிச்சென்று ஆவதைக் கண்டு மாதக்கணக்கில் பூசுபவர்கள் உண்டு. நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவார்கள். தோல் மெலிந்து, நரம்புகள் தெரிந்து, மீசைபோல முடி வளர்ந்து வருபவர்களைப் பார்க்கிறோம். அக்காவுக்குக் கொடுத்த களிம்பைத் தங்கை பூசியதும் உண்டு. உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் மூன்றும் தெளிவாக அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள். 'ஏழே நாளில்' என்று எழுதியிருந்தால் அதைத் தொடவும் வேண்டாம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இவை எதுவுமன்று. கடலோரச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு பெண், கன்னத்தில் இருந்த வெளிர்ந்த தேமல் ஒன்றை ஓராண்டாக நிறக்களிம்பு பூசி மறைத்து வந்திருந்தார். அழகாகவே மறைத்திருந்தார், வீட்டில் எவரும் அறியவில்லை. எங்களிடம் வந்தது கைவிரல் மரத்துப்போனதற்காக. முகத்தைக் கழுவச் சொல்லிப் பஞ்சுத் திரியால் அத்தேமலைத் தொட்டபோது, தொட்டது அவருக்குத் தெரியவில்லை. தொழுநோய். தேமல் தோன்றிய மாதமே வந்திருந்தால் விரல் மரத்திருக்காது.

செங்கல்பட்டு மாவட்டத்தார் தொழுநோயைப் பழங்கதை என்று எண்ணலாகாது. நகருக்கு அருகே திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரில் இயங்கிய தொழுநோய் இல்லத்தை மத்திய அரசு 1955இல் ஏற்று நடத்தத் தொடங்கியது; இன்றும் அது பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. 2005 இறுதியில், தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையைக் கடந்துவிட்டதாக நாடு அறிவித்தது. அது நோயே இல்லை என்ற அறிவிப்பன்று. சிகிச்சை இலவசம், 6 அல்லது 12 மாதங்களில் முடிந்துவிடும். ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான்: புதிதாகத் தோன்றிய எந்தத் தேமலையும், கரும்படிவையும், ஆறாத புண்ணையும் மருத்துவர் பார்ப்பதற்கு முன் மறைக்காதீர்கள். பார்த்து, பெயரிட்டு, சிகிச்சை தொடங்கிய பின் தாராளமாக மறையுங்கள்.

தாராளமாக என்று எண்ணித்தான் எழுதுகிறோம். அதே தொழுநோய்ச் சிகிச்சையில் தரப்படும் குளோஃபாசிமைன் மாத்திரை தோலைச் செம்பழுப்பாகக் கருக்கச் செய்யும். மருந்து முடிந்து பல மாதங்கள் கழிந்தே அந்நிறம் மறையும். அக்கருமையைக் கண்டு ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. தம் நிறத்துக்கு ஒத்த மெல்லிய பூச்சு ஒருவரை முழுச் சிகிச்சையையும் முடிக்கவைக்குமானால், அது மருந்துச் சீட்டில் எழுதத் தக்கதே. வெண்புள்ளி உள்ளவருக்கும் அப்படியே. அது தொற்றாது, உயிருக்கு ஊறு செய்யாது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களின் பார்வை என்ன செய்யும் என்பதை அந்த வீட்டாரிடம்தான் கேட்கவேண்டும். நெற்றியில் ஒட்டுப்பொட்டு வைக்குமிடத்தில் மட்டும் வெண்மை தோன்றினால், பொட்டின் பசையே காரணமாக இருக்கலாம். முதலில் பொட்டை மாற்றுங்கள். நோயாளியை அழைத்து வரும் கணவருக்கும் மாமியாருக்கும் ஒரு சொல்: "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று எங்கள் முன்னால் கேட்காதீர்கள். எதற்கென்று எங்களுக்குத் தெரியும்.

மருத்துவமனைக்குள் மட்டும் சில விலக்குகள். அறுவைச் சிகிச்சை நாளன்று முகத்திலும் உதட்டிலும் நகத்திலும் எதுவும் இருக்கக்கூடாது. மயக்க மருந்து தருபவர் உங்கள் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், விரலில் மாட்டும் கருவிக்கு நகச்சாயம் இடையூறு. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சையும் கண்மையையும் துடைத்துவிடவேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் இடத்தில் அப்பிரிவு மருத்துவரைக் கேளாமல் எதையும் தடவவேண்டாம். புதுக் களிம்பு எதுவானாலும் முழங்கை மடிப்பில் நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

எங்கள் பிரிவுக்கு வரும்போது முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். பூசுகிற களிம்பையும் அது வந்த பெட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்; தீர்ந்துபோன குழாயாக இருந்தாலும் சரி, உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாக இருந்தாலும் சரி. பெட்டியின் பின்புறத்தை உங்களோடு சேர்ந்து படிக்க நாங்கள் நேரம் ஒதுக்குகிறோம்.