கோலி சோடாவும் எண்ணெய்க் கிணறும்

எண்ணெய்க் கிணறுன்னா எண்ணெய் மட்டும்தான் வரும்னு பல பேர் நினைக்கிறோம். நிஜத்துல அதைவிட அதிகமா வர்றது உப்புத்தண்ணி. உலக அளவில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு சுமார் மூணு பீப்பாய் தண்ணின்னு ஒரு கணக்கு. கிணத்துக்கு வயசாக ஆக எண்ணெய் குறையும், தண்ணி ஏறும்.

நம்ம டெல்டாவில் நரிமணம், கமலாபுரம் பக்கமெல்லாம் ஓஎன்ஜிசி பல வருஷமா எண்ணெய் எடுத்திருக்கு. 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதுக் கிணறுகளைத்தான் தடுக்குது. ஏற்கெனவே ஓடுறதைத் தொடலை. ஸோ, பழைய கிணத்துத் தண்ணி எங்கே போகுதுங்கறதுதான் முக்கியமான கேள்வி. நாமளோ 'கிணறு வேணுமா வேணாமா'ன்னு மட்டும் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்.

தண்ணியில் இருக்கற பெரிய எண்ணெய்த் துளி தானா மேலே வந்துடும். தலைவலி பொடித்துளிதான். விட்டம் பத்தில் ஒண்ணானா, மேலேறும் வேகம் நூறில் ஒண்ணாயிடும் (ஸ்டோக்ஸ் விதி, செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்). அதுக்குத்தான் வாயு மிதப்பு முறை. வாயுவை அழுத்தித் தண்ணியில் கரைச்சு, அழுத்தத்தைச் சட்டுனு விட்டா, கோலி சோடா உடைச்ச மாதிரி குமிழ் கிளம்பும். குமிழ் துளியோட ஒட்டி மேலே தூக்கிட்டு வரும். நுரையை வழிச்சு எடுத்துடலாம். வெறும் காத்து விட்டா ஆக்சிஜனால தீ விபத்து பயம், குழாய் அரிப்பு வேற. அதனால எண்ணெய் வயல்ல நைட்ரஜன் அல்லது இயற்கை எரிவாயு. கரைஞ்ச எண்ணெயும் உப்பும் மட்டும் இதில் போகாது.

இதெல்லாம் தொட்டிக்குள்ள இருக்கும்போதுதான். வெளியே போயிட்டா என்ன ஆகும்? 2023 டிசம்பர், மிக்ஜாம் மழை. மணலி சிபிசிஎல் ஆலை எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போச்சு. மீனவர்கள் படகுல போய் மக்கும் வாளியுமா அள்ளினாங்க. 2017 ஜனவரியில் எண்ணூர்ல கப்பல்கள் மோதினப்பவும் வாளிதான். டெஸ்டிங்கில் பிடிக்காத பக், ப்ரொடக்‌ஷனுக்குப் போனா என்ன பாடுன்னு கோட் அடிக்கிறவங்களுக்குத் தெரியும்.

நிலத்து எண்ணெய் வயல் கழிவுநீரை வெளியே விடணும்னா, லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல எண்ணெய் இருக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. என் கட்சி இதுதான்: அந்த எண் தினமும் ஊர்ப் பஞ்சாயத்து போர்டுல தமிழ்ல எழுதப்படணும். பூமிக்குள்ள திருப்பி ஏத்தினா, எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், எத்தனை லிட்டர்னு எழுதணும். விதிக்குள்ளதான் இருக்குன்னா காட்டறதுல என்ன கஷ்டம்?

'கோட்டூர்புரத்துல உக்காந்துக்கிட்டு டெல்டாவுக்கு ஐடியா சொல்றியா'ன்னு கேட்கலாம். எங்க ஏரியா அடையாத்தைப் பார்த்துட்டுக் கேளுங்க. கழிவை உள்ளே விட்டுட்டு அப்புறம் ஆத்தைச் சுத்தம் பண்றது எவ்வளவு வருஷத்து வேலைன்னு தெரியும்.

திருவாரூர், நாகை பதிவர்களே, உங்க ஊர்ல இந்த எண்ணை யாராவது எப்பவாவது காட்டியிருக்காங்களா? சொல்லுங்க.