களைத் திருடனும் பூஞ்சண வைத்தியமும்

காய்கறி பயிரிடும் குடியானவருக்குப் பகைகள் பல. அவற்றுள் வேரிலேயே கன்னமிட்டு உண்ணும் ஒட்டுண்ணிக் களைகளைப் போல வஞ்சகமானது வேறொன்றில்லை. நமது புகையிலைக் கொல்லைகளில் "புகையிலைக் காளான்" என்று வழங்கும் ஒரோபாங்கி இவ்வினத்தைச் சேர்ந்தது. பெயர் காளானாயினும் இது பூக்கும் செடியே. பச்சையமில்லாத இச்செடி, தனக்கு வேண்டிய உணவு முழுவதையும் பிறர் வேரிலிருந்தே உறிஞ்சுகிறது. தக்காளியும் கத்தரியும் புகையிலையின் குடும்பத்தவையே. அவற்றையும் இக்களைகள் விடுவதில்லை. ஹரியானாவின் மேவாத் பகுதித் தக்காளி, கத்தரித் தோட்டங்கள் இதற்குச் சாட்சி.

இதை ஒழிப்பது ஏன் இத்துணைக் கடினம்? ஒரு செடி லட்சத்திற்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. தூசு போன்ற அவ்விதைகள் மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். பயிரின் வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருள் எட்டியதும் அவை முளைக்கின்றன. மண்ணிலுள்ள நட்புப் பூஞ்சணங்களை அழைக்கவே பயிர் அப்பொருளைக் கசியவிடுகிறது என்பதை 2005-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினர். நண்பனுக்கு விடுத்த அழைப்பைக் கேட்டுத் திருடன் வந்து சேருகிறான்! களை தரைக்கு மேல் தலைகாட்டும்பொழுது பயிருக்கு வேண்டிய சேதம் நேர்ந்து முடிந்திருக்கும். பின்னர்க் களைக்கொட்டு எடுத்துப் பயனென்ன? வேரோடு வேர் பிணைந்துவிட்டமையால், களையைக் கொல்லும் ரசாயனம் பயிரையும் வருத்துகிறது.

இந்நிலையில் பூஞ்சணத்தைக் கொண்டே இக்களையை மாய்க்கும் முயற்சி கவனிக்கத்தக்கது. சீனாவில் 1963 முதலே "லூபாவோ" என்னும் பூஞ்சண மருந்தால், சோயாப் பயிரைப் பற்றும் அம்மையார் கூந்தல் கொடியை அடக்கினர். மேற்குக் கென்யாவில், மக்காச்சோளத்தை வருத்தும் சுடுமல்லியின்மீது ஃபியூசேரியம் இனத்துப் பூஞ்சணம் ஒன்றை ஏவினர். பல்குத்தும் குச்சியில் வளர்த்த பூஞ்சணத்தைக் குடியானவரிடம் கொடுத்தனர். அவர்கள் வீட்டில் வேகவைத்த அரிசியில் அதைப் பெருக்கி, விதைக்குழிதோறும் ஒரு சிட்டிகை இட்டனர். 2014-இல் 500 விவசாயிகளின் நிலங்களில் நடந்த சோதனையில், மகசூல் நீண்ட மழைப் பருவத்தில் 56.5 சதவிகிதமும், குறுகிய மழைப் பருவத்தில் 42 சதவிகிதமும் அதிகரித்தது. பெரிய ஆலையும் விலையுயர்ந்த யந்திரமும் இன்றி ஏழைக் குடியானவர் கையாலேயே இது நிறைவேறியது என்பதே நாம் முக்கியமாகக் கொள்ள வேண்டிய விஷயம்.

எனினும், ஆர்வ மிகுதியால் நிதானத்தை இழக்கலாகாது. மக்காச்சோளத்தில் பலித்தது தக்காளியிலும் பலித்தே தீரும் என்று கூற இயலாது. மண்ணின் ஈரமும் வெப்பமும் மாறினால் பூஞ்சணத்தின் வலிமையும் மாறும். லூபாவோவும் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்க்கப்பட்டதில் வீரியம் குன்றியது. இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. கென்யாவில் பயன்பட்ட அதே ஃபியூசேரியத்தின் வேறு வகைகளே தக்காளிக்கு வாடல் நோயையும் வாழைக்குப் பனாமா வாடலையும் உண்டாக்குகின்றன. ஒரு வகை ஒரு செடியையே பற்றும் என்பது பொது விதி. ஆயினும் நம் தோட்டங்களில் விளையும் பயிர் ஒவ்வொன்றின்மீதும் சோதித்தறியாமல் எதையும் மண்ணில் இடுவது பேதைமையாகும். மண்ணில் இட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆகவே சர்க்காரும் விவசாய சர்வகலாசாலைகளும் செய்ய வேண்டுவன மூன்று. நம் வயல்களிலேயே நோயுற்று வாடும் ஒட்டுண்ணிக் களைகளிலிருந்து சுதேசப் பூஞ்சணங்களைத் தேடிப் பிரித்தெடுக்க வேண்டும். பயிர்களுக்கு அவற்றால் தீங்கில்லை என்பதைப் பல பருவங்கள் சோதித்து, முடிவுகளைத் தமிழிலேயே குடியானவருக்கு வெளியிட வேண்டும். வீரியம் குன்றாத தாய்வித்தைப் பொது ஸ்தாபனம் காத்து, கிராமக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த விலையில் வழங்க வேண்டும். இவற்றைச் செய்யத் தவறினால், தரமற்ற சரக்கைப் புட்டியில் அடைத்து விற்கும் வியாபாரிகளுக்கே லாபம். நஷ்டமோ மீண்டும் குடியானவருக்கே.

மண்ணில் உறங்கும் களைவிதை பத்தாண்டு பொறுத்திருக்கும். கடன்பட்டுத் தக்காளி நட்டவரால் ஒரு பருவங்கூடப் பொறுக்க இயலாது. இதை உணர்ந்து அதிகாரிகள் விரைந்து செயற்படுவார்களென எதிர்பார்க்கிறோம்.