கியேஸியா, ஓ கியேஸ்தோவா?
இத்தாலிய இலக்கணப் புத்தகத்தில் ‘கியேதெரே’ என்ற வினைச்சொல்லின் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கேட்பது என்று பொருள். நிகழ்காலத்தில் கியேதோ, கியேதி, கியேதே என்று சாதுவாக நடக்கிறது. இறந்தகாலம் வந்ததும் கியேஸி, கியேஸே என்று முகத்தை மாற்றிக்கொள்கிறது. மாணவர்களை மிரட்டும் இந்த வடிவம் நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனால் மிலான்காரர் பேச்சில் அதை எடுப்பதே அபூர்வம். நேற்றுக் கேட்டதோ நாற்பது வருடத்துக்கு முன் கேட்டதோ, அவருக்கு எல்லாம் ‘கேட்டேன்’ என்பதற்கான இன்னொரு வடிவமான ‘ஓ கியேஸ்தோ’தான். சிசிலிக்காரரோ சற்றுமுன் கேட்டதைக்கூட ‘கியேஸி’ என்பார். இந்த ஊர்ச் சங்கதியைப் போய் அடிக்குறிப்பில் தள்ளுகிறார்களே! முதல் பாடத்திலேயே சொல்லவேண்டாமா? இல்லாவிட்டால், அட்டவணையை மனப்பாடம் செய்து தேறியவர் மிலான் காப்பிக் கடையில் பழைய நாவலின் கதாநாயகன் மாதிரி பேசிக்கொண்டு நிற்பார்.