காலனிக்கு எத்தனை கோடு?

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலியில்தான் வருகைப்பதிவு. படம் ஏறாவிட்டால் கூலி இழுபறி. பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் ஓடிபி வந்தாக வேண்டும். பல இடங்களில் கோபுரம் ஊர்த்தெருவில் நிற்கிறது. நம் காலனியில் மாடி ஏறினால் (மாடி இருந்தால்) ஒரு கோடு தெரியும். அரசுக் கணக்கிலோ கிராமம் முழுதும் சிக்னல் உண்டு!

2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. மாதம் என்பது அவர்களுக்கு 28 நாள். ஆண்டுக்கு 13 முறை கட்டுகிறோம். நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு, சிக்னல் எட்டாத பகுதிகளுக்கான ‘டிஜிட்டல் பாரத் நிதி’க்குப் போகிறது. அதில் நம் பங்கைக் கேட்போம். ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானத்தில் காலனியின் பெயரைத் தனியாக எழுத வைப்போம். ‘கிராமம்’ என்று பொதுவாக எழுதினால், அடுத்த கோபுரமும் ஊர்த்தெருவுக்கே போகும்.