கொஞ்சம் பொறுங்க சார்!

லேப்டாப் வாங்கக் கிளம்புகிறவனை நடுரோட்டில் நிறுத்த ஒரு மந்திரம் இருக்கிறது. ‘கொஞ்சம் பொறுங்க சார், டச் ஸ்க்ரீன்ல சூப்பர் மாடல் வரப்போகுது!’ ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் சொல்வார். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மச்சினன் சொல்வான். பக்கத்து வீட்டு பிளஸ் டூ பையன்கூடச் சொல்வான். பதினைந்து வருஷமாக இதே பாட்டு.

வராமல் இல்லை, வந்தது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, மைக்ரோசாஃப்ட் ஸ்டார்ட் பட்டனையே தூக்கிக் கடாசிவிட்டு, இனி எல்லாரும் திரையைத்தான் தடவ வேண்டும் என்கிற தோரணையில் நின்றது. ஜனங்கள் போட்ட கூச்சலில் மறு வருஷமே 8.1-ல் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டினார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். நிமிர்ந்து நிற்கிற திரையைத் தொட, கையை அந்தரத்தில் நீட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். இதை 2010-லேயே சொன்னவர் யார் தெரியுமா? அந்த வருஷம்தான் ஐபேடை விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீவ் ஜாப்ஸ்! தொடுதிரையை விற்றவரே லேப்டாப்புக்கு அது சரிப்படாது என்றார். நம்ம மச்சினன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். சரியாக இருபதாவது நாள், அக்டோபர் 5-ல், டெல்லியில் கபில் சிபல் ‘ஆகாஷ்’ டேப்லெட்டை உயர்த்திப் பிடித்தார். உலகத்திலேயே மலிவான தொடுதிரை, 35 டாலர் கனவு, இனி யாருக்கு லேப்டாப் வேண்டும் என்று ஒரே ஆரவாரம். உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. ராம். ஏழு அங்குலத் திரையை விரலால் வருடினால் போதாது, அழுத்த வேண்டும். தரம் சரியில்லை என்று ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யும், நீங்கள் கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று டேட்டாவிண்ட் கம்பெனியும் அடித்துக்கொண்டன. 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது. ஆகாஷ் 4 பேச்சோடு நின்றது. இதற்காகக் காத்திருந்த மாணவன் இந்நேரம் கல்யாணமாகிக் குழந்தையைப் பள்ளியில் சேர்த்திருப்பான்.

தமிழ்நாட்டு லேப்டாப்பும் ஒன்றும் தேவலோகத்துச் சரக்கு இல்லை. மூடி மேல் முதல்வர் படம், இரண்டு கிலோவுக்கு மேல் கனம். ஆனாலும் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் கையில் கீபோர்டு வந்து சேர்ந்தது. டைப் அடித்தார்கள், புரோகிராம் எழுதினார்கள், சினிமாவும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அந்தக் கனம்தான் என் சண்டை. அதே மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது காட்டுப்பள்ளி. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் அங்கே உண்டு. அரசுக் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் பொன்னேரி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மீஞ்சூர் வந்து, கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டே போக வேண்டும். அந்தப் பெண்ணின் பையை நிறுத்துப் பாருங்கள். லேப்டாப் 2.2 கிலோ, செங்கல் மாதிரி சார்ஜர் அரைக் கிலோ, தண்ணீர் ஒரு கிலோ, சாப்பாடு அரைக் கிலோ, புத்தகம் ஒரு கிலோ. மொத்தம் 5.2. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கை, பை எடை பிள்ளையின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. 45 கிலோ பெண்ணுக்கு நாலரை. அது பள்ளிக்கூடத்துக்குத்தானாம்! காலேஜ் சேர்ந்ததும் முதுகெலும்பு இரும்பாகிவிடுமா? 1.2 கிலோ மெஷினும் 200 கிராம் டைப்-சி சார்ஜரும் கொடுத்தால் பை 3.9-க்கு இறங்கிவிடும்.

டச் மாடல் என்றால் மேலே இன்னொரு கண்ணாடி அடுக்கு. கனம் கூடும், பேட்டரி கூடுதலாகக் குடிக்கும், வெளிச்சத்தில் உட்கார்ந்தால் பாடத்துக்குப் பதில் நம் முகம் தெரியும். உடைந்தால் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள். படம் வரைகிறவர்கள், பேனாவால் கணக்குப் போடுகிறவர்கள் வாங்கட்டும், நியாயம். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து ராத்திரி டேலி படிக்கிற பையன் வவுச்சர் என்ட்ரியை விரலால் தடவிப் போடுவானா? தொட ஆசை வந்தால் பாக்கெட்டில்தான் ஃபோன் இருக்கிறதே.

நான் பி.காம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். வாங்காமல் உட்கார்ந்திருப்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. டிகிரி ஆறு செமஸ்டர். ஒரு வருஷம் பொறுத்தால் அதில் இரண்டு காலி.

லேசான லேப்டாப்பிலும் ஒரு பொறி உண்டு. பல மாடல்களில் ராமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜி.பி.யாகக் கேளுங்கள். காசு குறைவென்றால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ராமில் இறங்காதீர்கள்.

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ, அவரவர் விருப்பப்படி என்று தமிழக அரசு அறிவித்தது. விருப்பம் கேட்டது நல்ல காரியம். கேட்கிற படிவத்தில் ஜி.பி.க்கு மேலே, முதல் வரியிலேயே கிராமையும் போடுங்கள் ஐயா. தூக்கப்போவது மந்திரி இல்லை.

சொந்தக் காசில் வாங்குகிறவர்கள், டிஸ்ப்ளேயில் இருக்கும் மாடலை சார்ஜரோடு சேர்த்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கடையில் தராசு இல்லை என்பார்கள். பரவாயில்லை, வாசலில் பழ வண்டிக்காரரிடம் இருக்கும்.